இருபத்திரண்டு பேர் எழுதிய ஒரு விடைத்தாள்

1

இந்தக் கதை ஒரு பொத்தானை அமுக்கியதில் தொடங்கியது. அமுக்கியவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போகப் போக என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஆசை வரும். அப்போது இந்தப் பத்தி குறுக்கே நிற்கட்டும்.

நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், தேர்வுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக எழுத்தராக இருக்கிறேன். மாணவர்கள் ஒரு வாரம் வீட்டில் இருந்து விடை எழுதிக் கணினியில் ஏற்றுவார்கள். அந்த விடை மற்றவர்களின் விடையோடும் ஊர் உலகத்தில் உள்ளதோடும் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று ஒரு மென்பொருள் சொல்லும். பதினைந்து என்றால் விட்டுவிடுவோம். நாற்பது என்றால் ஆளைக் கூப்பிடுவோம். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, கல்வித் தத்துவம் என்ற பாடத்தில், இருபத்திரண்டு பேருக்கும் நூறு என்று வந்தது. மென்பொருளுக்குத்தான் ஏதோ கோளாறு என்று அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். திரும்பவும் நூறு.

ஒரே விடையை இருபத்திரண்டு பேரும் ஏற்றியிருந்தார்கள். முதல் பக்கத்தில் இருபத்திரண்டு பெயர்கள், அகரவரிசையில். (விடைத்தாளில் பெயர் போடுவதே எங்களிடம் குற்றம். எண் மட்டும்தான்.) "மோசடிச் சந்தேகம்" என்றொரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை இருபத்திரண்டு முறை அமுக்கினேன். விடையில் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கல்லூரி உணவகத்தில் வாஃபிள் சுடுவார்கள், கட்டம் கட்டமாக ஒரு இனிப்பு அப்பம். பிந்திப் போனால் தீர்ந்துவிடும்.

2

தொடக்கத்தை நான் இப்படி எழுதவில்லை. முதல் வரைவின் முதல் வரி:

[பனி பெய்துகொண்டிருந்தது. வெண்மையான அந்த அமைதியில்]

அழித்துவிட்டேன். எங்கள் ஊரில் பனி பெய்யாது, மழைதான் பெய்யும். செப்டம்பரில் தொடங்கி அடுத்த செப்டம்பர் வரை. ஆனால் நோர்வே என்று எழுதினால் பனி போடாவிட்டால் தமிழில் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டாவது வரைவு:

[கல்வி என்றால் என்ன? கிழக்கும் மேற்கும் இக்கேள்வியை அணுகிய விதங்களை]

இதையும் அழித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. மூன்றாவது வரைவில் ஒரு கலைமான் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் விட்டாலும் ஒன்றும் குறையாது.

3

குன்வோர் யார் என்று சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வயது, கல்வித் தத்துவ விரிவுரையாளர். மழைக்குப் போடும் ரப்பர் கால்சட்டையைக் கழற்ற மறந்தபடியே வகுப்பு எடுப்பார். நடந்தால் சரசர என்று கேட்கும். அதனால் அவர் வருவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஒளிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நேரமும் கிடைக்கும்.

ஒளிந்துகொள்ள விரும்பியவர் ஸ்வெர்ரே. அறுபத்து மூன்று வயதுப் பேராசிரியர். இருபத்தாறு வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவர், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனபோது குன்வோரிடம் கொடுத்தார். கொடுத்ததை அவர் வாடகைக்கு விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். குன்வோர் வீட்டை வாங்கிவிட்டதாக நினைத்தார். சிக்கல் அங்கேதான்.

[இங்கே ஒரு குறிப்பு. நோர்வேயில் மாணவர் பேராசிரியரையும், நான் கல்லூரித் தலைவரையும் ஒரே சொல்லால்தான் கூப்பிடுகிறோம். அதைத் தமிழில் "நீ" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "நீங்கள்" என்று எழுதினால் பொய். நல்ல வேளையாக நான் யாழ்ப்பாணத்தவள். எங்களிடம் நடுவில் ஒரு "நீர்" இருக்கிறது. இந்தக் கதையில் ஆளுக்காள் "நீர்" தான். எல்லோரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் போலப் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.]

துறைக் கூட்டத்தில் குன்வோர் பழைய பாடத்திட்டத்தின் எட்டுத் தத்துவவாதிகளின் படங்களையும் பலகையில் ஒட்டினார். எட்டுப் பேரும் ஆண்கள், மூன்றே நாட்டவர்கள், ஆறு பேருக்குத் தாடி. (கல்லூரி சின்னது என்பதால் கூட்டக் குறிப்பும் நான்தான் எடுப்பேன். தாடியை எண்ணியதும் நான்தான்.)

"இது உலகத்தின்ர கல்வித் தத்துவம் இல்லை," என்றார் குன்வோர். "சலூனில காத்துக்கொண்டு இருக்கிற வரிசை."

இந்தியத் தருக்கம், திபெத்தியத் துறவிகளின் விவாத முறை, தென்னாப்பிரிக்காவின் உபுந்து, இன்னும் சிலவற்றைச் சேர்த்துப் பாதிப் பாடத்தை மாற்ற வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

ஸ்வெர்ரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொத்தம் பதினைஞ்சு வகுப்புதான். முழு உலகத்தையும் கூட்டிக்கொண்டு வாறீர். கதிரைக்கு எங்க போறது?"

"உம்மட எட்டுப் பேரும் செத்துப் போயிட்டினம். அவையின்ர கதிரை சும்மாதான் கிடக்கு."

நாலு மணி நேரம் ஒரு முடிவும் இல்லை. மறுநாள் குன்வோர் சரசர என்று என் மேசைக்கு வந்து, ஒரு தாளில் எழுதியிருந்த சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். விதண்டா.

என் அப்பா என்னைத் திட்டிய சொல் அது. ஏழு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை நாள்தோறும் நான் செய்ததாக அவர் சொன்னது விதண்டாவாதம். அது திட்டு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். திட்டில்லையாம். பழைய நியாயத் தருக்கத்தில் விவாதம் மூன்று வகை. உண்மையைக் கண்டுபிடிக்க இருவர் பேசினால் வாதம். எப்படியாவது வெல்லப் பேசினால் ஜல்பம். தனக்கென்று ஒரு கருத்தும் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவர் சொன்னதை உடைக்க மட்டும் பேசினால் விதண்டை. இதை ஒரு நோர்வேக்காரி ரப்பர் கால்சட்டையோடு நின்று எனக்கு விளக்கினார். நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டு, ஏதோ எல்லாம் முன்பே தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் அவர் ஒரு விதி கொண்டுவந்தார். பேசுகிறவர் தான் செய்வது மூன்றில் எது என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும். சொல்ல மறந்தால் குறிப்பெடுப்பவர் தீர்மானிப்பார். குறிப்பெடுப்பவர் நான். அன்றைய கணக்கு: விதண்டை நாற்பத்தொன்று, ஜல்பம் பத்தொன்பது, வாதம் இரண்டு. அந்த இரண்டு வாதமும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பது பற்றி.

எண்ணுவதை நிறுத்தினால் புதிய பாடத்திட்டத்தை ஒரு வருடம் ஏற்பதாகத் துறை முடிவெடுத்தது.

4

ஸ்வெர்ரேயின் அறைக்கு நேர் மேலேதான் குன்வோரின் வகுப்பறை.

திபெத்திய விவாதத்தில் பதில் சொல்பவர் தரையில் உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்பவர் எழுந்து நின்று, ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் உள்ளங்கைகளை ஓங்கித் தட்டி, இடது காலால் தரையில் உதைப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை, வருங்கால ஆசிரியர்கள் பதினொரு பேர் ஒரே நேரத்தில் உதைத்தார்கள். கீழே ஸ்வெர்ரேயின் மேசை விளக்கு விழுந்தது.

அவர் மேலே வந்தார். முறையிட வந்தவரை உட்காரச் சொன்னார்கள். முழங்கால் சரியில்லை என்றதும் ஒரு கதிரை கொடுத்தார்கள். கதிரையில் உட்கார்ந்த பிறகுதான், உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்ல வேண்டியவர் என்பது அவருக்குச் சொல்லப்பட்டது.

எதிரில் ரிஸ்தென் என்ற மாணவி நின்றார். முப்பத்தொரு வயது, வடகோடியிலிருந்து வந்தவர், சாமி இனத்துப் பெண். (நம்முடைய சாமி இல்லை. வடக்கே கலைமான் வளர்க்கும் மக்களின் பெயர் அது. இதை வைத்து எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் இருபது வருடமாக ஒரே பகிடிதான் ஓடுகிறது. அதை இங்கே எழுதமாட்டேன்.)

"படிப்பிக்கிறது எண்டால் தெரியாததைத் தெரிய வைக்கிறது. சரியோ?" என்று கேட்டு ரிஸ்தென் கையைத் தட்டிக் காலை உதைத்தார்.

"சரி," என்றார் ஸ்வெர்ரே.

"அப்ப பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைப் படிப்பிக்கேலாது. சரியோ?" இன்னொரு உதை.

"சரி."

"பிள்ளைக்குக் கொஞ்சமும் தெரியாததையும் படிப்பிக்கேலாது. நீர் என்ன சொல்லுறீர் எண்டே அதுக்கு விளங்காது. சரியோ?"

ஸ்வெர்ரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்றார்.

"அப்ப இருபத்தாறு வருசமா நீர் இங்க என்ன செய்துகொண்டு இருந்தீர்?" இந்த முறை உதை நன்றாகவே விழுந்தது.

அவர் நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தார். பாதி தெரிவது, அரைகுறையாகத் தெரிவது, தவறாகத் தெரிவது என்று பாதை வெட்டித் தப்பித்தார், திரும்பவும் மாட்டினார். கன்னம் சிவந்துவிட்டது. போகும்போது, இந்தச் சத்தம் தொடர்ந்தால் எழுத்து மூலம் முறையிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் முறையிட வந்தார். அதற்கு அடுத்த செவ்வாயும் வந்தார். நாலாவது வாரம் கதிரைக்குப் போட ஒரு மெத்தையும் கொண்டுவந்தார்.

5

இப்போது ரிஸ்தெனைப் பற்றி ஒரு சந்தேகம்.

முதல் வரைவில் அவரை நான் கெடுத்துவைத்திருந்தேன். [அவள் கண்களில் முடிவற்ற வெண்வெளி தெரிந்தது. அவள் பேசவில்லை. பேசாததே அவளுடைய] என்று போய்க்கொண்டிருந்தது. அந்தக் கலைமான் வந்ததும் இங்கேதான். அவருக்குப் பின்னால் நின்று மூச்சுவிட்டது. உண்மையான ரிஸ்தென் ஓயாமல் பேசுவார். உணவகத்துக் கோப்பியை, பேருந்து நேரத்தை, மேற்குக் கரையின் மழையை, ஒவ்வொன்றாகக் குறை சொல்லுவார். கலைமானைப் பற்றிக் கேட்டால் தனக்கு ஒவ்வாமை, தும்மல் வரும் என்பார். அது உண்மையா பகிடியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்டோபரில் குன்வோருக்குத் திடீரென்று உறைத்தது. திபெத்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்வந்த பாடத்திட்டத்தில், இதே நாட்டின் வடக்குப் பக்கம் இல்லை. வெட்கப்பட்டு, வகுப்பிலேயே ரிஸ்தெனிடம் மன்னிப்புக் கேட்டு, உங்கள் மரபில் கல்வி எப்படி என்று சொல்ல முடியுமா என்று மிகவும் பக்குவமாகக் கேட்டார். வகுப்பு முழுக்கப் பக்தியோடு காத்திருந்தது.

"எங்கட வீட்டில பகிடிதான்," என்றார் ரிஸ்தென். "சின்னனில ஒருநாள் சப்பாத்தைக் கால் மாத்திப் போட்டிட்டு வந்தன். மாமா பாத்திட்டு, நல்லது, இனி உன்ர காலடியைப் பாத்து வாற ஓநாய் ரெண்டு பக்கமும் போய்க் குழம்பிச் சாகும் எண்டார். பிறகு நான் ஒருநாளும் மாத்திப் போடேல்லை."

"அவர் திருத்தேல்லையோ?" என்று குன்வோர் கேட்டார்.

"திருத்தினால் அது அவற்ற சப்பாத்தாப் போயிடும்."

குன்வோர் இதை எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம் மாணவர்களின் கட்டுரைகளுக்கு அவர் குறிப்பு எழுதியது முழுக்கப் பகிடியாக. ஒருவருக்கு, "உம்மட முன்னுரை நல்ல நீளம், இடையில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்" என்று எழுதினார். நோர்வேப் பிள்ளைகள் பாராட்டில் வளர்ந்தவர்கள். மூன்று பேர் மாணவர் நல அலுவலரிடம் போனார்கள். ரிஸ்தென் குன்வோரின் குறிப்புகளை வாங்கி வாசித்துவிட்டு, பகிடி பண்ணுவதற்கு முதலில் அந்தப் பிள்ளை மேல் விருப்பம் இருக்க வேண்டும், அது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும், நீர் ஒரே வாரத்தில் அவசரப்பட்டுவிட்டீர் என்று சொன்னார். குன்வோர் அன்று பின்னேரம் மூன்று பேரையும் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். கால்சட்டைச் சத்தம் கேட்டு அதில் ஒருவர் கழிப்பறையில் ஒளிந்துகொண்டார்.

6

தேர்வுக்குக் குன்வோர் கொடுத்த கேள்வி இது: "உபுந்து, மனிதரைத் தனியாளாகப் பார்ப்பதில்லை, மற்றவர்களோடுள்ள உறவால் ஆனவராகவே பார்க்கிறது. ஒரு கல்வி நிறுவனம் இதை உண்மையாகவே ஏற்றால், அதன் தேர்வுமுறைக்கு என்ன நேரும்?"

கேட்டால் என்ன வரும் என்று அவர் யோசிக்கவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு வாஃபிள் சாப்பிடப் போன நானும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, மனம் கேட்காமல், அந்த விடையைத் திறந்தேன். நாற்பத்தொரு பக்கம். நடை பக்கத்துக்குப் பக்கம் மாறியது. ஓரிடத்தில் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடித்திருந்தார், வேறு ஊர் வழக்கில். எனக்குப் பிடித்தவை அடிக்குறிப்புகள். பன்னிரண்டாம் குறிப்பு: "இந்த வரியை யோஸ்தைன் ஏற்கவில்லை. நல்ல மாணவருக்கு இதில் அநியாயம் நடக்கிறது என்கிறார்." பத்தொன்பதாம் குறிப்பு: "யோஸ்தைன் இப்போதும் ஏற்கவில்லை. அவருடைய காரணங்கள் பின்னிணைப்பில்." இருபத்தேழு: "யோஸ்தைன் வீட்டுக்குப் போய்விட்டார்." இருபத்தெட்டு: "யோஸ்தைன் ஒரு கேக்கோடு திரும்பி வந்தார். ஆனாலும் ஏற்கவில்லை." பின்னிணைப்பில் யோஸ்தைனின் ஆறு பக்கம் இருந்தது. முழு விடையிலும் சிறந்த பகுதி அதுதான்.

படித்து முடித்ததும் பொத்தானைத் திரும்ப எடுக்க முடியுமா என்று தேடினேன். முடியாது. சிவப்புப் பொத்தானை அமுக்கத்தான் முடியும்; விடுவிக்க ஒரு பொத்தானும் இல்லை. திங்கட்கிழமை என் மோசடிப் புகார் கல்லூரியைத் தாண்டி வெளி விசாரணைக் குழுவுக்குப் போய்விட்டது.

மோசடி என்று தீர்ந்தால் இருபத்திரண்டு பேரும் இரண்டு பருவம் வெளியே. ரிஸ்தெனுக்கு ஓகஸ்டில் அவருடைய ஊர்ப் பள்ளியில் வேலை காத்திருந்தது. முப்பது பிள்ளைகள், அவர்களின் மொழி தெரிந்த ஒரு ஆசிரியரும் இல்லாத பள்ளி. அவர் வராவிட்டால் வேறு ஆளை எடுப்பார்கள். குன்வோரின் பாடத்தை அடுத்த வருடத்துக்கு நிறுத்திவைத்துவிட்டார்கள்.

என் அறை வாசலில் ரிஸ்தெனைக் கண்டபோது, வாசிக்காமலே அமுக்கிவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். வாஃபிள் தீர்ந்துவிடும் என்றேன்.

அவர் சிரிக்காமல் கேட்டார்: "கிடைச்சதோ?"

"கடைசி ஒண்டு."

"அப்ப ஒராளாவது பாஸ்," என்றார்.

அவருக்கு என் மேல் விருப்பம் வந்துவிட்டதா, இல்லையா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

7

விசாரணை பிப்ரவரியில் நடந்தது. குழுத் தலைவர் ஒரு நீதிபதி, சாந்தமான பெண், குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டை. என்னிடம் ஒரே கேள்வி: அவர்கள் பெயர்களை மறைத்தார்களா? இல்லை, முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள் என்றேன். ரிஸ்தென், கேள்வி உண்மையாகவே கேட்கப்பட்டது என்று நினைத்தோம், அதனால் உண்மையாகவே பதில் சொன்னோம் என்றார்.

பிறகு நீதிபதி யோஸ்தைனைக் கூப்பிட்டு, உம்முடைய விருப்பத்துக்கு மாறாக உம்முடைய பெயரைப் போட்டார்களா என்று கேட்டார்.

யோஸ்தைன் நெடிய, ஒல்லியான பையன். "நான் ஒத்துக்கொள்ளேல்லை," என்றான். "இப்பவும் இல்லை. அதாலதான் என்ர பெயரும் இருக்கு. எதிர்த்து நிக்க ஒராள் இல்லாட்டில் அது வாதமே இல்லையெண்டு குன்வோரின்ர மூண்டாவது வகுப்பில படிச்சது."

கடைசியாகக் கல்லூரி தன் தரப்பு நிபுணராக ஸ்வெர்ரேயை அழைத்தது. முந்தைய பாடத்தின் சொந்தக்காரர், புதிய பாடத்தின் நிரந்தர முறையீட்டாளர். குன்வோர் தலை குனிந்துகொண்டார்.

இந்த இடத்தில் நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. ஸ்வெர்ரே எழுந்து, தான் எச்சரித்ததெல்லாம் நடந்துவிட்டது என்று சொல்கிறார். மாணவர்கள் வெளியேற்றப்படுகிறார்கள். [மழை ஜன்னலில்] வேண்டாம்.

ஆ. ஸ்வெர்ரே மனம் மாறி, கண்ணீரோடு குன்வோரைக் கட்டிக்கொள்கிறார். மேற்குக் கரையில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. வேண்டாம்.

இ. ஸ்வெர்ரே நடுவில் நின்று கையைத் தட்டிக் காலை உதைக்கிறார். எழுத எனக்கு ஆசையாக இருந்தது. முழங்கால் தாங்காது.

நடந்தது இது. அவர் எழுந்திருக்கவில்லை; கூடவே கொண்டுவந்த மெத்தையில் உட்கார்ந்தபடியே பேசினார். பதில் சொல்கிறவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பழகிவிட்டது.

ஒருவருடைய உழைப்பை இன்னொருவர் தன்னுடையது என்று காட்டுவது மோசடியா என்று நீதிபதி கேட்டார்.

"ஓம்," என்றார் ஸ்வெர்ரே. "நான் அதை இருபத்தாறு வருசம் செய்தனான்."

எதை என்று நீதிபதி கேட்டார்.

"என்ர விரிவுரைக் குறிப்பு முழுக்க எனக்கு முதல் இருந்தவற்ற குறிப்பு. வேலைக்கு வந்த முதல் வாரம் பயந்துபோய்ப் பாத்து எழுதினனான். பிறகு மாத்த நேரம் வரேல்லை. அவர் தன்ர பேரைப் போட்டவர், நான் என்ர பேரைப் போட்டனான். பதினாலாம் பக்கத்தில ஒரு டென்மார்க் ஆயரையும் வாத்தையும் பற்றி ஒரு பகிடி இருக்கு. எனக்கு அது இண்டைக்கும் விளங்கேல்லை. ஒவ்வொரு வருசமும் சொல்லுறன். பிள்ளையளும் சிரிக்கினம். ஏன் சிரிக்கினம் எண்டு கேக்க எனக்கு வெக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"இந்தப் பிள்ளையள் ஆர் ஆர் எழுதினதெண்டு முதல் பக்கத்திலேயே சொன்னவை. எதிர்த்தவனையும் சேத்துச் சொன்னவை. மோசடி பிடிக்கிறதெண்டால் நீங்கள் ஒரு மாடி கீழ, என்ர அறைக்கு வாங்கோ."

குன்வோர் நிமிர்ந்து பார்த்தார். அங்கேயும் நான்தான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் பழக்கத்தில் "வாதம்" என்று எழுதிவிட்டேன். அரசாங்க ஆவணத்தில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.

8

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லாததால் மோசடி இல்லை. யாரையும் வெளியேற்ற வேண்டாம். வந்திருப்பது ஒரு விடை; அதைத் திருத்தி ஒரு மதிப்பெண் போடவும். அது எத்தனை பேருக்கு உரியது என்பதைத் தேர்வுப் பிரிவு தீர்மானிக்கலாம்.

தேர்வுப் பிரிவு என்றால் நான். ஒஸ்லோவில் கணினி அமைப்பைப் பார்ப்பவரிடம் கேட்டேன். பாடம் தேறினால் பட்டத்தில் சேரும் பத்துப் புள்ளியை இருபத்திரண்டால் வகுத்து ஆளுக்கு அரைப் புள்ளிக்கும் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கலாம் என்றார். உபுந்துவைப் பற்றி அவருக்கு விளக்கினேன். அப்படியென்றால் அமைப்பில் அதற்கொரு கட்டம் இல்லை என்றார். (எங்களிடம் மதிப்பெண் என்பது A முதல் F வரை ஒரு எழுத்துதான்.) ஒரே எழுத்தை இருபத்திரண்டு முறை போடுவதாக நானே தீர்மானித்தேன். அமுக்கிய விரலே இதையும் போடட்டும்.

ஸ்வெர்ரேயை யாரும் தண்டிக்கவில்லை. எந்த விதியில் தண்டிப்பது என்று தெரியாமல் கோப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் பழைய குறிப்புகளின் முதல் பக்கத்தில் தனக்கு முன் இருந்தவரின் பெயரை எழுதிச் சேர்த்தார். அந்த முன்னவருடைய குறிப்புகளும் அவருக்கு முன் இருந்தவரிடமிருந்து வந்திருக்குமோ என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.

விடையைத் திருத்தக் குன்வோரையும் ஸ்வெர்ரேயையும் உட்காரவைத்தோம். குன்வோர் C என்றார். மூன்றாம் பகுதி பலவீனம், உணர்ச்சி அதிகம். ஸ்வெர்ரே A என்றார். மூன்று நாள் கதைத்தார்கள். குன்வோர் உதைத்த உதையில் கீழ் அறையின் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. தேர்ச்சி என்பதில் இருவருக்கும் ஒரே முடிவு, எழுத்தில்தான் முடியவில்லை. இருவரும் இணங்காவிட்டால் மூன்றாம் ஆளைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்தார், வாசித்தார், போட்டார். ரிஸ்தென் ஓகஸ்டில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மழை இல்லையாம். வெயிலைக் குறை சொல்லி எனக்கு எழுதியிருந்தார்.

எந்த எழுத்து என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், இருபத்திரண்டு முறை நான்தான் தட்டினேன். ஆனால் தேர்வு முடிவை வெளியாளிடம் சொன்னால் என் வேலை போய்விடும்.

சரி, இதுபோன்ற கதைகளில் வழக்கமாகச் செய்வதுபோல் முடிவை உங்களிடமே கொடுத்துவிடலாம், நீங்களே ஒரு எழுத்தைப் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பகுதியை எழுதத் தொடங்கினேன். [அன்புள்ள வாசகரே, இப்போது பேனா உங்கள்] விதியை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் ஆள் மாணவர்களின் பெயர்களை அறிந்திருக்கக் கூடாது, விசாரணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக் கூடாது, யார் பக்கமும் சாய்ந்திருக்கக் கூடாது. உங்களுக்கு ரிஸ்தெனைத் தெரியும். கேக்கைப் பற்றித் தெரியும். ஸ்வெர்ரேயை உங்களுக்குப் பிடித்துவிட்டது. மறைக்க வேண்டாம், எனக்கும்தான். இவ்வளவு தூரம் வாசித்ததாலேயே நீங்கள் தகுதி இழந்துவிட்டீர்கள். மன்னிக்கவும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இதை வாசிக்காத ஆள் யாராவது இருப்பார். அவரிடம் கேளுங்கள். இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஒரு விடை எழுதினார்கள், என்ன மதிப்பெண் போடலாம் என்று மட்டும் கேளுங்கள். வேறு எதையும் சொல்லிவிடாதீர்கள். அவர் சும்மா எழுத்தைப் போடமாட்டார். சரி, உண்மையில் யார் எழுதியது என்று திருப்பிக் கேட்பார்.

அதற்கு நீங்கள் பதில் சொல்லத் தொடங்கியதும் அவரும் தகுதி இழப்பார்.